ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட்? கிரெடிட் கார்டு புள்ளிகள், விமான மைல்கள் குறித்த விவாத இழை

ஜனவரி 11, 2025

வாசகர் ஒருவரின் கேள்வி: "என் கிரெடிட் கார்டில் 1,20,000 புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. வங்கியின் பயணத் தளத்திலேயே செலவழித்தால் ஒரு புள்ளிக்கு ஒரு சென்ட் கிடைக்கிறது. விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றினால் ஐந்து, ஆறு சென்ட் வரை கிடைக்கும் என்கிறார்கள். இது உண்மையா, கார்டு விற்பவர்களின் பேச்சா?"

உண்மைதான். ஆனால் அந்த ஆறு சென்ட் எதை எதனால் வகுத்து வந்தது என்று பார்க்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கினால் பயணச்சீட்டு என்ன விலையோ, அதைத் தேவைப்படும் மைல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு கிடைக்கும். சென்ற ஆண்டு நான் மேற்கொண்ட நீண்ட தூரப் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிசினஸ் வகுப்பில் ஒருவழிச் சீட்டின் விலை 4,410 டாலர். நான் கொடுத்தது 70,000 மைல், அதோடு வரியும் கூடுதல் கட்டணமுமாக 210 டாலர். வகுத்துப் பார்த்தால் மைலுக்கு 6.3 சென்ட் வருகிறது. அதே புள்ளிகளை வங்கியின் தளத்தில் செலவழித்திருந்தால் 700 டாலர் மதிப்புதான் கிடைத்திருக்கும். டாலரில் சொல்வது எண்ணும் வசதிக்காக. எந்த நாணயத்தில் கணக்கிட்டாலும் விகிதம் மாறாது.

என் வங்கி ஒரு புள்ளிக்கு ஒரு மைல் தருகிறது. எல்லா வங்கிகளும் அப்படித் தருவதில்லை. இரண்டு புள்ளிக்கு ஒரு மைல் என்று உங்கள் வங்கி வைத்திருந்தால், மேலே சொன்ன மதிப்பு அத்தனையும் பாதியாகிவிடும்.

ஜனவரி 12, 2025

நேற்றைய கணக்கில் பிழை. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. கையிலிருந்து கொடுத்த 210 டாலரை முதலில் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஆக 4,200 டாலரை 70,000 மைலால் வகுத்தால் மைலுக்கு 6 சென்ட். ஊருக்குக் கணக்குச் சொல்ல வந்தவன் முதல் கணக்கையே தப்பாகப் போட்டேன்.

ஜனவரி 19, 2025

ஒரு வாரமாக இந்த ஆறு சென்ட் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த இழையைப் படித்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மைல் இல்லாவிட்டால் 4,410 டாலர் கொடுத்து அந்தச் சீட்டை வாங்கியிருப்பீர்களா?" வாங்கியிருக்கவே மாட்டேன். அன்று அதே விமானத்தில் 750 டாலருக்கு எகானமி இருக்கை இருந்தது, அதைத்தான் வாங்கியிருப்பேன். அப்படியானால் எனக்கு மிச்சமானது 4,200 டாலர் அன்று, 540 டாலர்தான். அதை 70,000 மைலால் வகுத்தால் மைலுக்கு முக்கால் சென்ட்டைவிடச் சற்றே கூடுதல். வங்கி கொடுக்க முன்வந்த ஒரு சென்ட்டைவிட அது குறைவு.

அதற்காக நான் ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கணக்கை வேறு விதமாகப் போட்டால் நடந்தது தெளிவாகிறது. 70,000 புள்ளிகளை நான் 700 டாலராக மாற்றியிருக்க முடியும் என்பதால் அவை 700 டாலர் பணத்துக்குச் சமம். அதோடு 210 டாலர் சேர, அந்தப் படுக்கை இருக்கைக்கு நான் உண்மையில் கொடுத்த விலை 910 டாலர். எகானமியைவிட 160 டாலர் கூடுதலாகக் கொடுத்து, பதினோரு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன். 160 டாலருக்கு அந்தத் தூக்கம் தகுமா என்று கேட்டால், தகும் என்று தயங்காமல் சொல்வேன். 4,410 டாலருக்குத் தகுமா என்ற கேள்வி எழவே இல்லை, ஏனென்றால் அந்த விலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆகவே புள்ளிக்கு எத்தனை சென்ட் என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்தப் புள்ளிகளைப் பணமாக எண்ணினால் இந்தப் பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்கிறேன் என்று கேட்பதே மேல் என்று இப்போது தோன்றுகிறது. பெரிய புள்ளி ஆகலாம் என்று புள்ளி சேர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.

ஜனவரி 20, 2025

நேற்று விட்டுப்போனது ஒன்று: பணம் கொடுத்து வாங்கும் சீட்டில் பறந்தால் மைல் சேரும், மைல் கொடுத்து வாங்கிய சீட்டில் பெரும்பாலும் சேராது. அந்த இழப்பையும் 910 டாலரோடு சேர்க்க வேண்டும். மலிவான எகானமிச் சீட்டுக்குச் சேரும் மைல் மிகச் சொற்பம் என்பதால் முடிவு மாறவில்லை.

பிப்ரவரி 2, 2025

"இவ்வளவையும் இலவசமாகக் கொடுத்து வங்கிக்கு என்ன லாபம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. கடையில் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். அதன் பெரும்பங்கு கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. அந்தப் பங்கில் ஒரு துண்டைத்தான் வங்கி நமக்குப் புள்ளியாகத் திருப்பித் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டுகளுக்கான இந்தக் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியதும், அங்கே புள்ளிகளைத் தாராளமாக வாரிக்கொடுக்க வங்கிகளிடம் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அமெரிக்க கார்டுகளைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகளை மற்ற நாட்டினர் படித்துவிட்டு, நம் கார்டில் மட்டும் ஏன் இப்படி இல்லை என்று குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விமான நிறுவனத்தின் பக்கம் இன்னும் சுவையானது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் மைல் திட்டமான அட்வான்டேஜைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்வதே நோக்கமாக இருந்தது. போட்டி நிறுவனமான யுனைடெட் சில நாட்களிலேயே தன் திட்டத்தோடு வந்துவிட்டது. இன்றோ மைல் என்பது வங்கிகளுக்கு மொத்தமாக விற்கப்படும் சரக்கு. பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்ற 2020 ஜூன் மாதத்தில், யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டாலர். அது அன்றைய பங்குச் சந்தையில் முழு நிறுவனத்துக்கும் இருந்த மதிப்பைவிட அதிகம். விமானங்களைவிட அவற்றில் ஏறுவதற்கான வாக்குறுதி விலைபோயிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, மைலை அச்சிடுபவரும் அதன் மதிப்பைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆள் என்பதைத்தான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, 2025

நேற்றைய குறிப்பில் சொல்லியிருக்க வேண்டியது: மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு இந்த இழையில் எதுவும் பயன்படாது. செலவழிப்பதில் ஓரிரு சதவீதம் புள்ளியாக வருகிறது. பாக்கி வைத்தால் அதைவிடப் பல மடங்கு வட்டியாகப் போகிறது.

பிப்ரவரி 23, 2025

புள்ளியைச் சேர்ப்பது எளிது. இருக்கையைப் பிடிப்பதுதான் பாடு. விமானத்தில் இடம் இருக்கிறது என்பதாலேயே மைலுக்கு இடம் இருக்கிறது என்று ஆகாது. விலைக்குப் போகாது என்று தோன்றும் இருக்கைகளைத்தான் நிறுவனம் மைலுக்கு ஒதுக்குகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் 330 முதல் 360 நாட்களுக்கு முன்பே முன்பதிவைத் திறந்துவிடும். முதலில் சில இருக்கைகள் வரும், பிறகு பல மாதங்கள் எதுவுமே இருக்காது, கடைசி இரண்டு வாரங்களில் விற்காமல் மிஞ்சியவை மறுபடி வெளியே வரும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் தேடி மனம் வெறுத்துப்போனவர்களே அதிகம்.

அடுத்தது விமான நிறுவனங்களின் கூட்டணி. ஸ்டார் அலையன்ஸ் 1997இலும் ஒன்வேர்ல்ட் 1999இலும் ஸ்கைடீம் 2000இலும் தொடங்கப்பட்டன. ஒரே கூட்டணியில் உள்ள ஒரு நிறுவனத்தின் மைலைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கலாம் என்பதே இந்தக் கலையின் அடித்தளம். அதே விமானம், அதே இருக்கை. ஆனால் எந்தத் திட்டத்தின் வழியாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மைல் எண்ணிக்கையும் கூடுதல் கட்டணமும் வேறுபடும். எந்த விமானத்தில் பறக்கப்போகிறேன் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இருக்கையை எந்தெந்தத் திட்டங்கள் வழியாக எடுக்கலாம் என்று பார்த்து, கடைசியாகத்தான் புள்ளியை மாற்ற வேண்டும். சில நிறுவனங்கள் தம் சிறந்த இருக்கைகளைக் கூட்டாளிகளுக்குக் கொடுப்பதில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூர பிசினஸ் வகுப்பு பெரும்பாலும் அதன் சொந்த கிரிஸ்ஃபிளையர் மைலுக்கே கிடைக்கும்.

கடைசியாகத்தான் மாற்ற வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஒரு கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் இரண்டு பிசினஸ் இருக்கைகள் திரையில் தெரிந்தன. பதறிப்போய் வங்கியின் தளத்துக்கு ஓடி 1,30,000 புள்ளிகளை மாற்றினேன். சில நிமிடங்களில் மைல்கள் வந்துசேர்ந்தன. பயணிகளின் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், கார்டு எண் எல்லாம் நிரப்பி "உறுதி செய்" என்பதை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: "மன்னிக்கவும், உங்கள் கோரிக்கையை நிறைவேற்ற இயலவில்லை." பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன், இருக்கைகள் அப்படியே இருந்தன. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே வரி. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய ஊழியர், தம் திரையில் அந்த இருக்கைகள் இல்லவே இல்லை என்றும், தளம் பழைய விவரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்றும் மிகுந்த பணிவோடு சொன்னார். மாற்றிய புள்ளிகளை வங்கிக்குத் திரும்பக் கொண்டுபோக வழியே இல்லை. அது ஒருவழிப் பாதை.

அன்றிலிருந்து இருக்கையை ஒன்றுக்கு இரண்டு தளங்களில் பார்த்து, முடிந்தால் தொலைபேசியிலும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே புள்ளியைத் தொடுகிறேன். இருக்கையை ஓரிரு நாள் பிடித்துவைக்க அனுமதிக்கும் திட்டமானால் இன்னும் நிம்மதி.

மார்ச் 9, 2025

இன்று ஒரு வாசகர் அனுப்பிய கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. எகானமியில் ஒரு சுற்றுப் பயணத்துக்கு 50,000 மைலும் அதன்மேல் 480 டாலரும் கேட்டிருக்கிறார்கள். பணமாகவே வாங்கினால் அந்தச் சீட்டு 690 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 50,000 மைல் கொடுத்து அவர் மிச்சப்படுத்துவது 210 டாலர், மைலுக்கு 0.42 சென்ட்.

வரி என்ற தலைப்பின் கீழ் இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்துக் காட்டுகிறார்கள். அரசும் விமான நிலையமும் வசூலிப்பது ஒன்று. அதிலிருந்து தப்ப முடியாது. எரிபொருளின் பெயரால் நிறுவனமே போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம் மற்றொன்று. அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டதிலிருந்து அந்தக் கூடுதல் கட்டணத்தை வாங்குவதில்லை. வேறு சில திட்டங்கள் முழுவதையும் நம் தலையில் கட்டுகின்றன. விலைப் பிரிப்பை விரித்துப் பார்த்து, அரசின் வரி எவ்வளவு, நிறுவனத்தின் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே எழுதிக்கொண்டால் போதும். எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

மார்ச் 10, 2025

அரசின் வரியிலிருந்தும் ஓரளவு தப்ப முடியும் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார்; ஏற்றுக்கொள்கிறேன். பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு விதிக்கப்படும் விமானப் பயணி வரி, தூரம் கூடக்கூடவும் எகானமிக்கு மேற்பட்ட வகுப்புகளிலும் அதிகமாகிறது. ஆனால் ஒரே முன்பதிவில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விமானம் மாறிச் செல்பவருக்கு அது கிடையாது. ஆகவே லண்டன் வழியாகப் போவது வேறு, லண்டனிலிருந்து புறப்படுவது வேறு. "தப்ப முடியாது" என்று நேற்று எழுதியதைப் "பெரும்பாலும் தப்ப முடியாது" என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

ஏப்ரல் 20, 2025

குறுகிய தூரப் பயணங்களை யாரும் மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. மைல் திட்டங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். தூரத்தை வைத்து விலை சொல்பவை, உலகை மண்டலங்களாகப் பிரித்து விலை சொல்பவை, சீட்டின் அன்றைய விலையை ஒட்டி மைல் எண்ணிக்கையையும் ஏற்றி இறக்குபவை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ் ஆகியவை பயன்படுத்தும் ஏவியோஸ் என்ற மைல் நாணயத்தில் தூரம்தான் அளவுகோல். கத்தார் ஏர்வேஸ் 2022இலும் ஃபின்ஏர் 2024இலும் இதே நாணயத்துக்கு மாறின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் வழியாகக் கூட்டாளியின் விமானத்தை எடுக்கும்போது, ஒவ்வொரு பறத்தலுக்கும் தனித்தனியே விலை வரும். அதனால் இடையில் நிற்காத குறுகிய பயணம் மலிவு. இரண்டு மூன்று விமானம் மாறிப் போனால் விலை ஏறிக்கொண்டே போகும். போட்டியே இல்லாத சிறிய ஊர்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குக்கூட நிறுவனங்கள் கூசாமல் பெருவிலை கேட்கும். அங்கேதான் இந்த வகை மைல் தன் வேலையைக் காட்டும்.

மண்டல அட்டவணை இதற்கு நேர் எதிர். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொரு மண்டலத்துக்கு ஒரே விலை என்பதால், எத்தனை விமானம் மாறினாலும் கவலையில்லை. ஏரோபிளான் மண்டலத்தையும் தூரத்தையும் கலந்து வைத்திருக்கிறது. கூடவே, ஒருவழிப் பயணத்திலேயே நடுவில் ஓர் ஊரில் 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்துப் பல நாள் தங்கிச் செல்லலாம். இரண்டு ஊர்களை ஒரே சீட்டில் பார்ப்பதற்கு அதைவிட மலிவான வழியை நான் கண்டதில்லை.

மூன்றாவது வகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 2015இல் தன் மைல் விலை அட்டவணையை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019இல் அதே வழியில் போனது. அட்டவணை இல்லாத இடத்தில் பேரம் தேடுவது தராசு இல்லாத கடையில் எடை பார்ப்பது போலத்தான். ஆனால் சீட்டு மலிவாக இருக்கும் நாளில் மைலும் மலிவாக இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மே 4, 2025

கொஞ்சம் வழி மாறுகிறேன். "புள்ளிக்காகப் பைத்தியக்காரத்தனமாக எதையாவது செய்ததுண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையவை சொல்லத் தகுதியற்றவை. சொல்லத்தக்கவை இரண்டு உண்டு.

1999இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், உணவுப் பொட்டலங்களின் பட்டைக் குறியீட்டை அனுப்பினால் மைல் தருவதாக ஒரு நிறுவனம் அறிவித்ததைப் பார்த்தார். அந்த நிறுவனத்தின் பொருள்களில் மிக மலிவான புட்டிங் கிண்ணங்களைத் தேடிப்பிடித்து, ஏறத்தாழ 3,140 டாலருக்கு 12,150 கிண்ணங்களை வாங்கிக் குவித்தார். பட்டைக் குறியீடுகளைக் குறித்த நாளுக்குள் கிழித்து முடிக்க ஆள் வேண்டுமே. புட்டிங்கை சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்து, பதிலுக்கு அவர்களின் தொண்டர்களைக் கொண்டே குறியீடுகளைப் பிரித்தெடுத்தார். கிடைத்தது பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான மைல். அந்த நன்கொடைக்கு வரிச் சலுகையும் சேர்ந்தது.

இன்னொன்று, அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர விரும்பி, அஞ்சல் செலவையும் தானே ஏற்று முகமதிப்புக்கே விற்றது. கிரெடிட் கார்டில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் செலுத்தி, அந்தப் பணத்திலேயே கார்டு பாக்கியைக் கட்டிப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் புள்ளி சேர்க்கும் நம்மவர்கள். 2011 ஜூலையில் நாணயச் சாலை கார்டுக்கு விற்பதை நிறுத்திக்கொண்டது. நாணயம் புழங்கவில்லை, மைல்தான் புழங்கியது.

ஜூன் 15, 2025

மைலை அச்சிடுபவரே அதன் மதிப்பையும் தீர்மானிக்கிறார் என்று சொல்லி, பிப்ரவரியில் பிறகு எழுதுகிறேன் என்று விட்டதை இப்போது எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. புள்ளியைக் கடைசியாகத்தான் மாற்ற வேண்டும் என்று நான் சொன்ன விதியை நானே மீறினேன்.

மார்ச் மாதக் கடைசியில், மாற்றும் புள்ளிக்கு 25 சதவீதம் கூடுதல் மைல் என்று ஒரு சலுகை வந்தது. அதன்படி 56,000 புள்ளிக்கு 70,000 மைல் கிடைக்கும். ஜனவரியில் சொன்ன அந்த 910 டாலர் பயணம் இப்போது 560 டாலரும் 210 டாலருமாக 770 டாலருக்கு முடியும், அதாவது எகானமியைவிட வெறும் 20 டாலர் கூடுதல் என்று மனம் கணக்குப் போட்டது. பயணத் தேதி முடிவாகவில்லை, இருக்கையைத் தேடவில்லை. ஆனாலும் 80,000 புள்ளிகளைத் தூக்கி மாற்றி 1,00,000 மைல் வைத்துக்கொண்டேன். சலுகை போய்விடுமே என்ற பதற்றத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சென்ற வாரம் நிறுவனம் தன் அட்டவணையைத் திருத்தியது. 70,000 மைலாக இருந்தது 84,000 மைல் ஆகிவிட்டது. சரியாக 20 சதவீத ஏற்றம். எனக்குக் கிடைத்த 25 சதவீதக் கொசுறில் பெரும்பகுதியை ஒரே நாளில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த 84,000 போக மீதி 16,000 மைலை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை. வங்கியிலேயே புள்ளியாக இருந்திருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருப்பேன்.

மைல் வட்டி தராது. விலைவாசியோடு தேயத்தான் செய்யும். சில திட்டங்களில் காலக்கெடுவும் உண்டு: கிரிஸ்ஃபிளையர் மைல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டில் காலாவதியாகும், அட்வான்டேஜில் இருபத்துநான்கு மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும், டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலக்கெடு இல்லை. நிறுவனமே மூழ்கிவிட்டால் கெடு இல்லாவிட்டாலும் பயனில்லை. 2017 ஆகஸ்டில் ஏர் பெர்லின் நொடித்தபோது, அதன் டாப்போனஸ் மைல் திட்டமும் கூடவே நொடித்தது. சேர்த்து வைத்திருந்தவர்களுக்குக் கணக்கில் எண் மட்டும் மிஞ்சியது.

ஜூன் 16, 2025

"பிப்ரவரியில் ஊருக்கு உபதேசம், மார்ச்சில் தனக்கு விதிவிலக்கா, அண்ணா?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 3, 2025

விடுதிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. விமான மைலை விடுதிக்கும் கார் வாடகைக்கும் பொருள் வாங்கவும் பயன்படுத்துவது பெரும்பாலும் நட்டம். விடுதிப் புள்ளியை விமான மைலாக்குவதும் அப்படித்தான்: மாரியட் விடுதிகளின் போன்வாய் திட்டத்தில் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மூன்று புள்ளிக்கு ஒரு மைல், 60,000 புள்ளியாகச் சேர்த்து மாற்றினால் 5,000 மைல் கொசுறு. அதே திட்டத்தில் ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால் நான்கு இரவுக்குத்தான் கணக்கு. அந்தந்தப் புள்ளியை அந்தந்த இடத்திலேயே செலவழிப்பதுதான் நல்லது.

என் 16,000 மைலில் 9,000 போய்விட்டது. 240 டாலர் கேட்ட ஒரு மணி நேரப் பயணம். வரி 24 டாலர். எப்படியும் போயே ஆக வேண்டிய வேலை. மைலுக்கு 2.4 சென்ட். படுக்கை இருக்கையில் கிடைத்த முக்கால் சென்ட்டை நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21, 2025

ஜனவரியில் தம் கேள்வியால் இந்த இழையைத் தொடங்கிவைத்த நண்பர் எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன்.

இந்தக் குறிப்புகளை எல்லாம் படித்தும் அவர் 1,20,000 புள்ளிகளைத் தொடவில்லை. எது நல்ல பேரம் என்று முடிவுக்கு வர முடியவில்லையாம். அதில் என் பங்கும் இருக்கிறது. சென்ற மாதம் அவருடைய தந்தைக்குத் திடீரென்று உடல்நிலை மோசமானது. மறுநாளே கணவனும் மனைவியும் கிளம்ப வேண்டும். எகானமியில் ஒருவழிச் சீட்டு ஆளுக்கு 1,900 டாலர். அதே விமானத்தில் கடைசி நேரத்தில் விடுபட்ட மைல் இருக்கைகள் இரண்டு இருந்தன. ஆளுக்கு 35,000 மைல், 60 டாலர். தொலைபேசியில் கேட்டு இருக்கைகளை உறுதி செய்துகொண்டு, அழைப்பைத் துண்டிக்காமலே 70,000 புள்ளிகளை மாற்றி, அதே ஊழியரைக் கொண்டே சீட்டை எடுத்திருக்கிறார்.

கணக்குப் போட்டால் மைலுக்கு 5.26 சென்ட். இம்முறை "வாங்கியிருப்பீர்களா" என்ற கேள்விக்கு இடமே இல்லை. 1,900 டாலர் ஆனாலும் வாங்கியிருப்பார். நிலையான அட்டவணை வைத்திருக்கும் திட்டங்களில், நாளைக்கே புறப்பட்டாலும் மைல் எண்ணிக்கை ஏறாது என்பதை நான் இத்தனை மாதமாக எழுதாமலே விட்டிருக்கிறேன். சுற்றுப் பயணமாக வாங்க வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை. பல நிறுவனங்களின் நீண்ட தூரப் பயணங்களில், பணம் கொடுத்து ஒருவழி வாங்கினால் சுற்றுப் பயண விலையை நெருங்கிவிடும், மைலிலோ ஒருவழி என்பது சரிபாதி. ஆறு சென்ட்டுக்கு பிசினஸ் வகுப்புதான் வழி என்று நான் ஜனவரியில் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 22, 2025

பலரும் விசாரித்ததால் எழுதுகிறேன். அவருடைய தந்தை தேறிவருகிறார். திரும்பும் தேதி தெரியாததால், மிச்சம் இருந்த 50,000 புள்ளியில் மனைவிக்கு மட்டும், ரத்து செய்தால் மைல் திரும்பக் கிடைக்கும் ஒரு திட்டத்தில் சீட்டு எடுத்துவைத்து, இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறார். நண்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தமக்கான சீட்டுக்கு இன்னும் 20,000 புள்ளி வேண்டும் என்றும், என் கணக்கில் கிடக்கும் 7,000 மைலைக் கடனாகத் தர முடியுமா என்றும் கேட்கிறார். அது வேறு நிறுவனத்தின் மைல் என்று பதில் எழுதிவிட்டேன்.